மண்டபம் முகாமில் ஒரு மாதம்



வெள்ளி விழா மேடையில் பழம்பெருமை பேசுதல் வழக்கம். நாம் இன்று நம் மாணவி ஒருத்தியின் கோடைக்காலத்தைப் பற்றிப் பேச விழைகின்றோம்.

நம் மாவட்டத்தில் கோடை என்பது நம் பிள்ளைகளுக்கு விடுமுறையன்று, கூலிக்காலம். மிளகாய்க் கொல்லை, உப்பளம், சீமைக் கருவேலங் கரிமூட்டம் என எங்கேனும் ஈட்டும் கூலியே அடுத்த ஆண்டின் புத்தகமாகிறது. அத்தகைய வீட்டிலிருந்து, விலங்கியல் பயிலும் அப்பெண் மண்டபம் முகாமிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திற்கு ஒரு மாதப் பயிற்சிக்குச் சென்றாள். மானாவாரி நிலத்து மகள். கடல் தொழிலை அறியாதவள்.

அந்த இடம் எது என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரை, நோய்த்தடுப்பின் பெயரால் நிறுத்திவைத்துச் சோதித்த முகாம் அது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், தனுஷ்கோடி வரை இரயிலிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்றவர்களுள் நம் மக்கள் பல்லாயிரவர். 1947இல் தோன்றிய ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971 வரை மண்டபத்திலேயே இருந்தது. கொச்சிக்குச் சென்றபின்னும் மண்டல நிலையம் இங்கு இயங்கி வருகிறது. பாட்டனாரின் உடலைச் சோதித்த இடத்தில் பேத்தி மீனைச் சோதித்தாள்.

முதல் வாரம் அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டது போலிருந்ததாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகள் கொணர்ந்த மீன்களே ஆய்வுக்குக் கிடைத்தன. காரல் மீன்கள் எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். வாய் மேல்நோக்கி நீள்கிறதா, கீழ்நோக்கி நீள்கிறதா, கோரைப்பல் உண்டா எனப் பார்த்து வகை பிரிக்கப் பழகினாள். மீனின் செவிக்கல்லில் உள்ள வளையங்களைக் கொண்டு வயதைக் கணிப்பதையும் கண்டாள். 2010இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கடல்விறாலைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்வித்தது இந்நிலையமே என்று நம்மிடம் சொன்னபோது, தானே செய்தது போன்ற பெருமிதம் அவள் குரலில் இருந்தது! இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமும் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பயிற்சியாளராக இருந்தபோதுதான் விமான இயந்திரங்களைக் கையால் பிரித்துச் செப்பனிடக் கற்றார்.

மீன் வகையைக் காட்டிலும் தங்குமிடமே அவளுக்குக் கடினமாயிற்று. வாடகை வீடு தேடியபோது ஒரு வீட்டார், ஊர் எது என்று கேட்டதோடு நில்லாமல் தெரு எது என்றும் கேட்டனர். விடையறிந்தபின் இடமில்லை என்றனர். நம் சங்க உறுப்பினர் ஒருவரின் உறவினர் வீட்டுத் திண்ணையறையே பின்னர் உதவிற்று.

பயிற்சிக்கு ஊதியமில்லை. ஒரு மாதக் கூலியை இழந்த அவள் தாயார், கம்மலை அடகு வைத்தார். அதே கோடையில் அதே பயிற்சிக்குத் தகுதியுடைய மாணவர் இருவர் கரிமூட்டத்திற்கே சென்றனர். அவர்களுக்கு அறிவு குறைவா? இல்லை, வீட்டில் அடகு வைக்கக் கம்மல் இல்லை.

ஆகவே நிருவாகக் குழுவிடம் ஒன்று கேட்கின்றோம். விழா வளைவுக்கும் மின்விளக்கு அலங்காரத்திற்கும் திரட்டிய பணத்தில் மீதமிருப்பதை, வரும் கோடையில் பயிற்சிக்குச் செல்லும் இருவருக்கு ஒரு மாதக் கூலியாகவும் தங்கும் செலவாகவும் ஒதுக்குங்கள். விண்ணப்பம் எழுதித் தரும் பணியை நாம் ஏற்கின்றோம். பங்குனி பிறப்பதற்குள் பெயர்களைக் கொடுத்தால் போதும்.