காய்ச்சல் வந்தால் வேலை செய்த இடத்தையும் சொல்லுங்கள்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய சுகாதார உரை

வேலை முடிந்து, இந்தக் குளிரில் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதிக நேரம் எடுக்க மாட்டேன்.

உண்ணி, தெள்ளுப்பூச்சி இரண்டும் நமக்குத் தெரியும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. மலாய்க்காரர்கள் துங்காவ் என்பார்கள். அதன் குஞ்சு கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. எலி வரும் என்று லாலான் நுனியிலும் புதரோரத்திலும் காத்திருக்கும். எலிக்குப் பதில் நம் கால் பட்டால் நம்மைக் கடிக்கும். கடித்தது நமக்குத் தெரியாது.

இதை முதலில் பிரித்துப் பார்த்தவர்களில் நம் நாட்டு ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். 1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் பிளெட்சரும் லெஸ்லரும் டைஃபஸ் காய்ச்சலில் இரண்டு வகை இருப்பதைக் கவனித்தார்கள். ஒன்று பட்டணத்துக் கடைக்காரர்களுக்கு வந்தது. அது எலித் தெள்ளுப்பூச்சியால் பரவுவது. மற்றது புல் வெட்டியவர்களுக்கும் காட்டோரம் வேலை செய்தவர்களுக்கும் வந்தது. அதுதான் துங்காவ் கொடுக்கும் ஸ்க்ரப் டைஃபஸ். அதற்கு மருந்தில்லாத காலம் அது. 1948ல் ஸ்மேடல் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு கோலாலம்பூருக்கு வந்து, குளோரம்பெனிக்கால் மருந்தை 25 நோயாளிகளுக்குக் கொடுத்தது. இரண்டு வாரத்துக்கு மேல் எரித்த காய்ச்சல், மருந்து தொடங்கி ஒன்றரை நாளில் இறங்கியது. ஒருவரும் இறக்கவில்லை.

மருந்து கிடைத்தது. ஆனால் நோயை அடையாளம் காண்பது அவ்வளவு சுலபமாக இல்லை. நம் நாட்டுக் கிராமப்புறம் ஒன்றில் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்த 1,629 பேரை ஆராய்ந்த அறிக்கை 1984ல் வெளிவந்தது. அதில் முதலிடம் மலேரியாவுக்கும் இல்லை, டைஃபாய்டுக்கும் இல்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருந்தது ஸ்க்ரப் டைஃபஸ். செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களை மட்டும் எடுத்தால், காய்ச்சலில் பாதிக்குச் சற்றுக் குறைவு இதுவே. அந்த ஆய்வில் பங்குகொண்டவர்களில் ஒருவர் டாக்டர் ஜெகதீசன். ஆம், 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கிய நம் ஓட்டக்காரர்தான். ஓட்டத்துக்கு அவரை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறோம், இதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காய்ச்சலும் தலைவலியுமாக வந்த ஒரு அக்காவுக்கு சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று பாரசெட்டமோல் கொடுத்து அனுப்பினேன். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். அப்போதுதான் பெரிய தாதி அவர் இடுப்புப் பாவாடைக் கட்டின் கீழ் பார்த்தார். சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு. வலியில்லை, அரிப்பில்லை என்பதால் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிழைத்துக்கொண்டார்.

கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். பொருக்கு அக்குளில், தொடையிடுக்கில், இடுப்பில், மார்பின் கீழ் ஒளிந்திருக்கும். சிலருக்கு இருக்கவே இருக்காது. எனவே கிளினிக்கில் உட்கார்ந்ததும், "பத்து நாளைக்கு முன்னே காட்டோரம் புல் வெட்டினேன்," "வீட்டில் நாய் இருக்கிறது, உண்ணி எடுத்தேன்," என்று நீங்களே சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் விலை குறைந்த மருந்துதான். கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் வேறு மருந்து தருவார். வீட்டில் மிச்சமிருக்கும் அமோக்ஸிசிலினை விழுங்கிப் பயனில்லை. அது இந்தக் கிருமியைத் தொடாது.

இனி நம் பிராணிகள். நாயுண்ணி எர்லிக்கியா என்ற கிருமியை நாய்க்குக் கொடுக்கும். நாய் சோறு தின்னாது, ஈறு வெளுத்துவிடும். உண்ணி நாயின்மேல் மட்டும் இருப்பதில்லை. இறங்கிப்போய்ச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டிவிட்டுப் படுக்கும் இடத்தை விட்டால் வேலை பாதிதான். பூனை, நாய்களின் தெள்ளுப்பூச்சியிலும் மனிதருக்குக் காய்ச்சல் தரும் கிருமிகள் இருப்பதை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ல் வெளியிட்டார்கள். தெள்ளின் எச்சம் பூனை நகத்தில் ஒட்டும். அது பிராண்டினால் பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு நெறி கட்டலாம். கீறலை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தேயிலைக்கு அடிக்கும் மருந்தை நாய்மேல் அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கும் தடவாதீர்கள், பூனை செத்துப்போகும்.

புதரோரம் போகும்போது நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். புல்மேல் உட்காராதீர்கள், சட்டையைக் கழற்றிப் புதரில் போடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்து, துணியைத் துவைக்கப் போடுங்கள். உடம்பில் உண்ணி கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெயும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். கையால் நசுக்காதீர்கள்.

அதை எப்படிப் பிடிப்பது என்று தாதி இப்போது செய்து காட்டுவார். பின்னால் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள், அங்கிருந்து தெரியாது.