இங்கிலீஷ் நோட்டுக்கும் பஞ்சசூத்திரம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன், சேமிப்பு, தொழில் பற்றிப் பேச உங்களில் அனுபவசாலிகள் நிறைய பேர் இருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சது இங்கிலீஷ் வகுப்பு. ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். அதனால நம்ம பிள்ளைங்க ராத்திரியில் உட்கார்ந்து எழுதுற இங்கிலீஷ் வீட்டுப்பாடத்தைப் பற்றி மட்டும் பேசப் போறேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு வர்ற அம்மாக்கள் வழக்கமாகச் சொல்றது ஒண்ணு உண்டு. "எனக்கு இங்கிலீஷ் தெரியாது டீச்சர். அது எழுதுது, நான் பார்க்கிறேன், அவ்வளவுதான்." நோட்டைத் திறந்தால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மார்ஜின் போட்டு, தலைப்புக்குக் கோடு போட்டு, பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். அம்மாவுக்கும் மனசு நிறைஞ்சிடும். அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு, நோட்டை மூடி வெச்சிட்டு, "இதுல என்னம்மா எழுதியிருக்கே, தமிழ்லயே சொல்லு" என்று கேட்டால் பதில் வராது. கைடைப் பார்த்து எழுதினது அது. இப்போ சில பிள்ளைங்க செல்போன்கிட்ட கேட்டு, அது தர்றதை அப்படியே எழுதிட்டு வருது. கை எழுதியிருக்கு, தலை எழுதலை.

பிள்ளையைத் திட்டுறதுக்காக இதைச் சொல்லலை. ஏன் இப்படி நடக்குதுன்னு பார்ப்போம். ஒரு வகுப்பில் 45 பிள்ளைங்க இருக்குன்னு வெச்சுக்குங்க. ஒரு கட்டுரையைப் படிச்சுப் பிழை திருத்த மூணு நிமிஷம் ஆனாலும், ஒரு வகுப்பு நோட்டுக்கே 135 நிமிஷம். ஒரு டீச்சருக்கு அந்த மாதிரி மூணு, நாலு வகுப்பு இருக்கும். அதனால பல இடத்தில் சிவப்பு மையில் ஒரு டிக், கீழே ஒரு கையெழுத்து, அதோட முடியுது. எப்படி எழுதினாலும் டிக் விழும்னு பிள்ளைக்குத் தெரிஞ்சுடுது. வீட்டு நிலைமை உங்களுக்கே தெரியும். ஒரே ரூம். டிவி ஓடும். வெளியே கண்டெய்னர் லாரி சத்தம். காசிமேட்டுக்கு ஏலம் எடுக்க நடுராத்திரி கிளம்புற அம்மா சீக்கிரம் படுத்தாகணும், லைட்டை அணைச்சாகணும். பொண்ணா இருந்தால் தண்ணி பிடிக்கணும், தம்பியைப் பார்த்துக்கணும், பாத்திரம் கழுவணும். எல்லாம் முடிஞ்சு ஒன்பது மணிக்கு நோட்டைத் திறக்கிற பிள்ளைக்கு யோசிச்சு எழுதத் தெம்பு இருக்காது. பார்த்து எழுதத்தான் தெம்பு இருக்கும்.

உதவிக்கு ஆள் குறையறதும் இந்த வயசுலதான். கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கினப்போ, ஒன்றாம் வகுப்பில் இருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் அது. சாயங்காலம் நம்ம தெருவிலேயே தன்னார்வலர் பொண்ணுங்க சொல்லிக் கொடுத்தாங்க. அதுல நம்ம குழுப் பெண்களும் இருந்தாங்க. ஒன்பதாவதுக்குப் போற பிள்ளைக்கு அந்தத் துணை இல்லை. எழுத்து வேலை கூடுறதோ ஒன்பதாவதில்தான்.

எவ்வளவு நேரம் வீட்டுப்பாடம் செய்யணும்? ஒண்ணாவது, ரெண்டாவது பிள்ளைங்களுக்கு வீட்டுப்பாடமே தரக்கூடாதுன்னு 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2020-ல் மத்திய அரசு கொண்டு வந்த பள்ளிப் பை கொள்கை, ஒன்பதாவதுக்கு மேல எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல போகக்கூடாதுன்னு சொல்லுது. அமெரிக்காவில் வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பல வருஷம் ஆராய்ச்சி செய்த ஹாரிஸ் கூப்பர் என்பவர் சொன்ன கணக்கு, வகுப்புக்குப் பத்து நிமிஷம். பத்தாவதுன்னா 100 நிமிஷம். அதனால விடிய விடிய எழுத வைக்க வேண்டாம். இங்கிலீஷுக்கு தினம் அரை மணி நேரம் ஒழுங்காகக் கிடைத்தால் போதும்.

அந்த அரை மணி எதுக்குன்னு கேட்டால், பரீட்சைத் தாளைப் பார்க்கணும். பத்தாவது இங்கிலீஷ் இப்போ ஒரே தாள், 100 மதிப்பெண். பாஸ் ஆக 35 வேணும். அந்தத் தாளில் ஒரு பகுதி முழுக்க எழுத்துப் பயிற்சி. கடிதம் எழுதுறது, அறிவிப்பு தயாரிக்கிறது, விளம்பரம் எழுதுறது, படத்தைப் பார்த்து ஐந்து வரி எழுதுறது, ஒரு பத்தியைச் சுருக்குறது, பிழை திருத்துறது. ஆறில் நாலு எழுதணும். ஒண்ணுக்கு ஐந்து மதிப்பெண், மொத்தம் 20. பாஸ் ஆக வேண்டிய 35-ல் பாதிக்கு மேல இங்கேயே இருக்கு. கைடில் இருக்கிற கடிதத்தை மனப்பாடம் பண்ணிட்டுப் போனால், கேள்வியில் வேற விஷயம் கேட்டிருப்பாங்க. பிள்ளை பேனாவைக் கையில் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும்.

இப்போ உங்களைக் கேட்கிறேன். கடிதம், அறிவிப்பு, விளம்பரம், சுருக்கம். இதெல்லாம் யார் வேலை? உங்க வேலை! தண்ணி லாரி வரலைன்னா மண்டல அலுவலகத்துக்கு மனு எழுதுறது யார்? அனுப்புநர், பெறுநர், பொருள், என்ன பிரச்சினை, எத்தனை நாளாக, எத்தனை குடும்பம், என்ன செய்யணும், கீழே கையெழுத்து. இங்கிலீஷ் கடிதத்துக்கும் இதே சட்டகம்தான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம்னு தகவல் எழுதுறது அறிவிப்பு. மசாலாப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் லேபிள் எழுதி, கண்காட்சியில் பலகை வைக்கிறது விளம்பரம். ரெண்டு மணி நேரம் நடந்த கூட்டத்தைத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் எழுதுறது சுருக்கம். இங்கிலீஷ் வார்த்தை பிள்ளைகிட்ட இருக்கு. எதை முதலில் சொல்லணும், எதை விடக்கூடாது என்பது உங்ககிட்ட இருக்கு. ரெண்டும் ஒரே பாயில் உட்கார்ந்தால் வீட்டுப்பாடம் முடிஞ்சது.

அதனால புதுசாக எதுவும் நான் சொல்லப் போறதில்லை. குழு நடத்த நாம வெச்சிருக்கிற பஞ்சசூத்திரத்தையே பிள்ளையோட இங்கிலீஷ் நோட்டுக்கும் வைக்கலாம்.

முதல் சூத்திரம், தவறாத கூட்டம். நோட்டு திறக்கிற நேரமும் இடமும் மாறக்கூடாது. வீட்டில் முடியலைன்னா பக்கத்து வீட்டுத் திண்ணை, மொட்டை மாடி, குழு கூடுற இடம், எதுவானாலும் சரி. ஏழு மணின்னா ஏழு மணி. அந்த அரை மணி நேரம் டிவி அணையணும். பொண்ணுக்கு வீட்டு வேலை சொல்லக்கூடாது. பையனுக்குக் கிடைக்கிற நேரம் பொண்ணுக்கும் கிடைக்கணும்.

ரெண்டாவது, தவறாத சேமிப்பு. தினம் நாலே நாலு வரி, சொந்தமாக. பள்ளியில் கொடுத்தது தனி, இது தனி. இன்னைக்கு என்ன நடந்ததோ அது. "தி வாட்டர் லாரி டிட் நாட் கம் டுடே." இது போதும், இது ஒரு வரி. மாசம் 26 நாள் எழுதினால் 104 வரி. சின்னத் தொகை எப்படிச் சேரும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூணாவது, உள்கடன். வார்த்தை தெரியலைன்னா கேட்டு வாங்கலாம். பக்கத்து வீட்டு அக்காகிட்ட, அகராதியில், கைடில், செல்போனில்கூட வாங்கலாம். கடன் வாங்குறது தப்பில்லை. செய்யுளும் எழுத்துக்கூட்டலும் பார்த்து எழுதித்தான் மனசில் நிற்கும். நாலு பிள்ளைங்க சேர்ந்து உட்கார்ந்து, நோட்டை மாற்றிப் படிச்சு, ஒருத்தர் பிழையை இன்னொருத்தர் காட்டினால் அதுவும் உள்கடன்தான். டீச்சருக்கு 45 நோட்டு. பிள்ளைக்குப் பக்கத்து நோட்டு ஒண்ணுதான்.

நாலாவது, தவறாத திருப்பிச் செலுத்துதல். இதுதான் முக்கியம். கைடில் இருந்து எது எடுத்தாலும் அன்னைக்கே திருப்பிக் கட்டணும். எப்படி? நோட்டை மூடிட்டு, என்ன எழுதினோம்னு அம்மாவுக்குத் தமிழில் சொல்லணும். சொல்ல முடிஞ்சால், அதையே ரெண்டு வரி சொந்த இங்கிலீஷில் எழுதணும். சொல்ல முடியலைன்னா கடன் நிலுவையில் நிற்குதுன்னு அர்த்தம். இதைக் கேட்க உங்களுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டாம். பிள்ளை திணறுதா, புரிஞ்சு சொல்லுதான்னு அம்மாவுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஐந்தாவது, முறையான கணக்குப் பதிவு. நோட்டில் தேதி இருக்கணும். பிழை வந்த பக்கத்தைக் கிழிக்கக்கூடாது. நம்ம பேரேட்டில் அடித்தல் வந்தால் பக்கத்தைக் கிழிப்போமா? ஒரு கோடு போட்டு, சரியானதை மேலே எழுதிக் கையெழுத்துப் போடுவோம். நோட்டும் அப்படித்தான். திருத்தின வரியைத் திரும்ப ஒரு தடவை எழுதணும். வாரக் கடைசியில் அம்மா பார்த்து, எத்தனை வரி, எத்தனை திருத்தம்னு எண்ணி, கீழே கையெழுத்துப் போடணும்.

எதைப் பற்றி எழுதுறதுன்னு பிள்ளை கேட்கும். "என் ஊர்" என்று கட்டுரை கொடுத்தால், கைடைப் பார்த்துப் பச்சை வயல், சலசலக்கும் ஆறு, மயில் என்று எழுதிட்டு வருவாங்க. ராயபுரத்துப் பிள்ளை எழுதுற கட்டுரையில் ராயபுரம் இருக்காது! 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பின ஸ்டேஷன் அதோட தெருக்கோடியில் இருக்கு. அதை எழுதலாமே. வழி சொல்லுங்கள்னு ஒரு கேள்வி வரும். திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்குறவங்களுக்கு வடிவுடையம்மன் கோயிலுக்கு வழி சொல்லி எழுதலாமே. தெரிஞ்சதை எழுதும்போதுதான் வார்த்தையைத் தேடணும்னு பிள்ளைக்கே ஆசை வரும்.

இன்னொரு விஷயத்தையும் யோசிச்சுப் பாருங்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் பரவினது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாத்திலும் ஒட்டினது. அதே மாசம் 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிஞ்சு ஜனங்க குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரிச்சது. அங்கே நடவடிக்கை எல்லாம் இங்கிலீஷில். அறிக்கை இங்கிலீஷில். நமக்கு நடந்ததை நமக்காக வேற யாரோ எழுதினாங்க. நல்லபடியாக எழுதினவங்களுக்கு நன்றி சொல்லுவோம். ஆனால் அந்த ராத்திரி ஓடின குழந்தைகளில் ஒருத்தி வளர்ந்து, எத்தனை மணிக்கு நாற்றம் வந்தது, எந்தத் தெரு, யாருக்கு மூச்சுத் திணறினதுன்னு அவளே எழுதினால், அந்த எழுத்துக்கு உள்ள பலம் வேற. அதுக்கான பயிற்சிதான் இந்த நாலு வரி.

பத்தாவதில் இங்கிலீஷில் தவறிட்டு, பேக்கிங் கம்பெனிக்கோ தையல் கம்பெனிக்கோ போயிட்ட பொண்ணுங்க நம்ம ஒவ்வொரு தெருவிலும் இருக்காங்க. வேலை குறைவில்லை. ஆனால் அது அவ தேர்ந்தெடுத்ததா இருக்கணும், ஒரு தாள் தள்ளிவிட்டதா இருக்கக்கூடாது. அரசுப் பள்ளியில் ஆறாவதில் இருந்து படிச்ச பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபாய் தர்ற புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5-ம் தேதி நம்ம பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கினாங்க. அந்தப் பணம் கல்லூரி வாசலைத் தாண்டினவளுக்குத்தான். தாண்டி உள்ளே போனாலும் பல பாடம் இங்கிலீஷில். அசைன்மென்ட், ரெக்கார்டு எல்லாம் சொந்தமாக எழுதணும். அங்கே திணறாமல் இருக்க, இங்கே பழகணும்.

பள்ளியையும் விட்டுடாதீங்க. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதி பெண்களும் இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. அந்தக் கூட்டத்தில் சண்டை போடாமல் ஒண்ணு மட்டும் கேளுங்க. "வாரத்துக்கு ஒரு கட்டுரையாவது முழுசாகப் படிச்சுத் திருத்தித் தாங்க. பத்து கட்டுரை எழுதி டிக் வாங்குறதைவிட, ஒண்ணு எழுதித் திருத்தம் வாங்குறது மேல்." இதைச் சொன்னால் நல்ல டீச்சருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அவங்க சுமையும் குறையும்.

கடைசியாக, கூட்டமைப்பு முன்னாடி ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஒவ்வொரு குழுவும் வாரம் ரெண்டு நாள், ஒரு மணி நேரம், ஒரு இடமும் ஒரு லைட்டும் பிள்ளைங்களுக்கு ஒதுக்கணும். கல்லூரியில் படிக்கிற நம்ம பொண்ணு ஒருத்தி கூட இருக்கட்டும். குழுக் கூட்டம் முடியும்போது கடைசிப் பத்து நிமிஷம் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைங்களோட நோட்டு வரட்டும். அன்னைக்கு நாம எழுதின தீர்மானத்தையோ மனுவையோ ஒரு பிள்ளை இங்கிலீஷில் எழுதி வாசிக்கட்டும். தப்பு வந்தால் வரட்டும். நாமும் முதல் வருஷம் பேரேடு எழுதினப்போ அடித்தல் இல்லாத பக்கமே கிடையாது. இன்னைக்கு வங்கி மேலாளர் நம்ம புத்தகத்தைப் பார்த்துத்தான் கடன் தர்றார்.

இதைத் தீர்மானமாக இன்னைக்கே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடணும்னு கேட்டுக்கிறேன். அதோட இங்கிலீஷ் நகலை எழுதித் தர ஒரு பத்தாவது பொண்ணைக் கூப்பிடுங்க.