போல்ட் கையில பந்தைக் கொடுத்தா என்ன ஆகும்?

இது நம்ம பாட்காஸ்ட்டோட நேரடி எபிசோடு, காஞ்சிபுரத்துலேருந்து. எதிர்ல முழுக்க காலேஜ் பசங்க. பாதிப் பேர் டிராக் பேன்ட்ல வந்திருக்கீங்க, அதனால யார் எந்தப் பிரிவுன்னு கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

உள்ள வரும்போதே கேள்விச் சீட்டு வாங்கினோம். அதுல ஒண்ணு: “உசேன் போல்ட் மாதிரி ஒரு ஆளை அமெரிக்கன் ஃபுட்பால்ல இறக்கி விட்டா யாராலயாவது பிடிக்க முடியுமா அண்ணா?” அதே சீட்டுல கீழே சின்ன எழுத்துல இன்னொரு கேள்வி. “எனக்கு 19 வயசு. 100 மீட்டர் 11.1 ஓடறேன். எங்க மாஸ்டர் கபடிக்கு வந்துடுன்னு சொல்றார். போகலாமா?”

முதல் கேள்வி டீக்கடையில பேசற கேள்வி. ரெண்டாவது ஒருத்தரோட வாழ்க்கை. ஆனா முதல் கேள்வியை ஒழுங்கா பார்த்தா ரெண்டாவதுக்குப் பாதி பதில் கிடைச்சுடும். அதனால அமெரிக்காவுலேருந்தே ஆரம்பிக்கறேன்.

பார்க்காதவங்களுக்கு ஒரு நிமிஷம். அமெரிக்கன் ஃபுட்பால்ல காலுக்கு வேலை கம்மி, கைக்குத்தான் அதிகம். முட்டை மாதிரி இருக்கற பந்தை குவார்ட்டர்பேக்னு ஒருத்தர் எறிவார், ரிசீவர்னு ஒருத்தர் ஓடிப்போய்ப் பிடிப்பார். மைதானம் 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர். கிட்டத்தட்ட நம்ம 100 மீட்டர் டிராக்கேதான். அப்போ உலகத்துலேயே வேகமான ஆளை ரிசீவரா நிறுத்தினா வேலை முடிஞ்சுதேன்னு தோணும் இல்லையா? அமெரிக்காக்காரங்களுக்கும் அப்படித்தான் தோணுச்சு. செஞ்சும் பார்த்துட்டாங்க.

பாப் ஹேய்ஸ். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 100 மீட்டர் தங்கம். ரிலேல கடைசி ஆளா பேட்டன் வாங்கி, முன்னாடி போன எல்லாரையும் தாண்டி இன்னொரு தங்கம். அடுத்த வருஷமே டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியில இறங்கினார். முதல் சீசன்லயே 46 கேட்ச், 1000 கெஜத்துக்கு மேல, 12 டச்டவுன். ஒரு ஆளை நிறுத்தி இவரைத் தடுக்கவே முடியலை. ஆளைத் துரத்தறதை விட்டுட்டு இடத்தைக் காக்கற ‘ஸோன்’ தடுப்பு பரவினதுக்கு இவரும் ஒரு காரணம்னு சொல்வாங்க. 1972 ஜனவரியில சூப்பர் பவுல் ஜெயிச்சார். ஒலிம்பிக் தங்கம், சூப்பர் பவுல் மோதிரம், ரெண்டும் வச்சிருந்த ஒரே ஆள் இவர்தான்.

ஆஹா, அப்போ நடக்கும்!

இருங்க. அடுத்த ஒலிம்பிக்ஸ், 1968 மெக்சிகோ. ஜிம் ஹைன்ஸ் 9.95 ஓடித் தங்கம் வாங்கினார். அந்த உலக சாதனை 1983 வரைக்கும் நின்னுச்சு. அவரை மயாமி டால்ஃபின்ஸ் எடுத்தாங்க. மொத்தமா ரெண்டு அணிக்கு 11 ஆட்டம் ஆடினார். அதுல அவர் பிடிச்ச பந்து எத்தனை தெரியுமா? ரெண்டு. ‘ஊப்ஸ்’னு பட்டப்பேர் வச்சுட்டாங்க, பந்து கையில நிக்காததால. பாவம்.

ரெண்டு பேரும் உலகத்துலேயே வேகமானவங்க. அப்புறம் எங்க வித்தியாசம்? ஹேய்ஸ், ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரியில ஓட்டத்தோட ஃபுட்பாலும் ஆடிக்கிட்டே வந்தவர். ஹைன்ஸ் ஓட்டக்காரராவே வளர்ந்தவர். என்னைக் கேட்டா, “ஓட்டக்காரர் ஃபுட்பாலுக்குப் போய் ஜெயிச்சார்”னு ஹேய்ஸைச் சொல்றதே தப்பு. அவர் ஃபுட்பால் ஆட்டக்காரர், நடுவுல போய் ஒலிம்பிக் தங்கம் வாங்கிட்டு வந்தார். அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்துல பந்து எப்படி வருதுன்னு பாருங்க. நீங்க ஓடுவீங்க, காலை ஊனுவீங்க, உள்பக்கம் திரும்புவீங்க. நீங்க திரும்பறதுக்கு முன்னாடியே பந்து குவார்ட்டர்பேக் கையை விட்டுக் கிளம்பியிருக்கும். நீங்க இருக்கற இடத்துக்கு இல்லை, வரப்போற இடத்துக்கு. ரெண்டு எட்டு பிந்தினாலும் போச்சு, முந்தினாலும் போச்சு.

உங்க ஊர்ல கோர்வைப் புடவை நெய்யற தறியைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். மூணு நாடா. உடலுக்கு ஒண்ணு, ரெண்டு கரைக்கும் ஆளுக்கொண்ணு. நெய்யறவர் ஒருத்தர், பக்கத்துல கரை நாடாவைப் பார்த்துக்க இன்னொருத்தர். அங்க போய் “என் கை ரொம்ப வேகம்”னு ஒருத்தர் உட்கார்ந்தா என்ன ஆகும்? உடலும் கரையும் கோர்க்கற இடத்துல மானம் போயிடும். ரெண்டு பேர் கையும் சேர்ந்து வரணும். வேகம் அதுக்கு அப்புறம்தான்.

ஜெர்ரி ரைஸ்னு ஒருத்தர், ரிசீவர்கள்ல இவருக்கு மேல ஆளே இல்லைன்னு பெரும்பாலானவங்க ஒத்துக்குவாங்க. அந்த லீக்ல 40 கெஜம், அதாவது 36 மீட்டரும் கொஞ்சமும், ஓடவிட்டுப் பார்ப்பாங்க. ரைஸோட நேரம்னு சொல்லப்படறது சுமாரான நேரம்தான். 2017 தேர்வு முகாம்ல ஜான் ராஸ் 4.22 விநாடில ஓடி அன்னிக்கு சாதனையே வச்சார். அதே வருஷம் கிறிஸ்டியன் கோல்மன்ங்கற ஓட்டக்காரர் “இதென்ன பெரிய விஷயம்”னு 4.12 ஓடிக் காட்டினார். கோல்மன் 100 மீட்டர்ல உலக சாம்பியன் ஆனார். ராஸ் காயம், காயம்னு போய், எதிர்பார்த்த அளவுக்கு ஒண்ணும் பண்ண முடியலை.

எதிர்த் திசையிலயும் ஒரு கதை. 2021ல டிகே மெட்காஃப்ங்கற என்எஃப்எல் ரிசீவர், 100 கிலோவுக்கு மேல எடை, ஸ்பைக்ஸ் மாட்டிக்கிட்டு நிஜ ஓட்டக்காரங்களோட 100 மீட்டர் ஓடினார். 10.37. அந்த ஹீட்ல கடைசி. ஆனா அந்த உடம்போட 10.37 ஓடினதைப் பார்த்து வாய் பிளந்தவங்கதான் அதிகம். நானும்தான்.

போல்ட் விஷயத்துக்கு வருவோம். அவர் நிஜமாவே இன்னொரு ஆட்டத்துக்குப் போய்ப் பார்த்தார். நம்ம கால்பந்து. 2018ல ஆஸ்திரேலியாவுல சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் அணியோட பயிற்சி எடுத்தார், ஒரு நட்பு ஆட்டத்துல ரெண்டு கோல்கூட போட்டார். ஒப்பந்தம் படியலை, சில வாரத்துல கிளம்பிட்டார். அப்போ அவருக்கு வயசு 32.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். 2012ல அமெரிக்கன் ஃபுட்பாலுக்குன்னே எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியான்னு ஒண்ணு வந்துச்சு. ஆட்டங்களை இலங்கையில வச்சாங்க. நிலைக்கலை. அதைவிட நல்ல கதை வேற ஒண்ணு, ஆனா அது பேஸ்பால்.

‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படம் பார்த்திருப்பீங்க. 2014, ஏ.ஆர்.ரஹ்மான் இசை. அது நிஜக் கதை. ரிங்கு சிங், தினேஷ் படேல், ரெண்டு பேரும் லக்னோ விளையாட்டு விடுதியில ஈட்டி எறிஞ்சுக்கிட்டிருந்த பசங்க. வாழ்க்கையில பேஸ்பாலைக் கையால தொட்டதில்லை. ஒரு டிவி போட்டியில யார் வேகமா எறியறாங்கன்னு பார்த்தாங்க. ரிங்கு மணிக்கு 140 கிலோமீட்டர் எறிஞ்சு ஜெயிச்சார். 2008 நவம்பர்ல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ரெண்டு பேரையும் ஒப்பந்தம் பண்ணாங்க.

படம் அங்க முடிஞ்சுடும். கதை முடியலை. தினேஷை 2010லயே விட்டுட்டாங்க. ரிங்கு கீழ்நிலை லீக்குகள்ல சில வருஷம் ஆடினார், ஒரு படி ரெண்டு படி ஏறினார், அப்புறம் காயம். மேல இருக்கற மேஜர் லீக்ல ரெண்டு பேரும் ஒரு ஆட்டம்கூட ஆடலை. ரிங்கு 2018ல டபிள்யூடபிள்யூஈல சேர்ந்தார். வீர் மஹான்னு விபூதி பூசிக்கிட்டு வந்தாரே, அவரேதான். (சிரிப்பு)

இதைத் தோல்வின்னு நான் சொல்ல மாட்டேன். கை அவங்ககிட்ட இருந்துச்சு. அந்தக் கையோட ஆட்டத்தைக் கத்துக்க வேண்டிய பத்து வருஷம் இல்லை. அமெரிக்காவுல ஆறு வயசுல பந்தைத் தொட்டவனோட, இருபதுல தொட்டவன் மோதணும்.

இப்போ கபடி. கணக்கைப் பாருங்க. ஆண்கள் கபடி ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். உங்க எதிரணிப் பக்கம் ஆறரை மீட்டர். 2009ல பெர்லின்ல 9.58 ஓடினப்போ போல்ட் உச்ச வேகத்தைத் தொட்டதே 60 மீட்டரைத் தாண்டினதுக்கு அப்புறம்தான். ஆறரை மீட்டர்ல யாருக்கும் உச்ச வேகம் கிடையாது, போல்ட்டுக்கும் கிடையாது. அமெரிக்கன் ஃபுட்பால்லயாவது ஓட இடம் இருக்கு. கபடி, கருட சேவை அன்னிக்கு கூட்டத்துக்குள்ள பூந்து வர்ற மாதிரி. அங்க யார் சீக்கிரம் வெளிய வருவாங்க? இடைவெளி தெரிஞ்சவங்க.

பாடிப் போறவர் நேரா ஓடறதே இல்லை. பக்கவாட்டுல போவார், கண்ணை எதிராளி மேல வச்சுக்கிட்டே பின்னாடி வருவார். டிராக்ல யாரும் உங்க கணுக்காலைப் பிடிக்க மாட்டாங்க. இங்க பிடிக்கறதுக்குன்னே ஏழு பேர் நிப்பாங்க. உங்க ஓட்டத்துலேருந்து கபடிக்கு அப்படியே வர்றது முதல் மூணு எட்டு, அந்த வெடிப்பு. அது சின்ன விஷயம் இல்லை. ஆனா நிக்கறது, திரும்பறது, பிடியில விழுந்து கோட்டைத் தொடறது, இதெல்லாம் தனியா கத்துக்கணும்.

அதனால சீட்டு எழுதின தம்பி, உன்கிட்ட ஒரே ஒரு கேள்வி. சின்ன வயசுல தெருவுல கபடி ஆடியிருக்கியா? முட்டி தேஞ்சு வீட்ல திட்டு வாங்கியிருக்கியா? ஆமான்னா, போ. உள்ளுக்குள்ள ஏற்கெனவே ஆட்டம் இருக்கு, மாஸ்டர் அதைப் பார்த்துதான் கூப்பிடறார். 2025 ஜூலையில அனிமேஷ் குஜூர் 100 மீட்டரை 10.18ல ஓடி தேசிய சாதனை வச்சார். 11.1க்கும் அதுக்கும் நடுவுல இருக்கற தூரம் உனக்கே தெரியும், நான் சொல்லி நோகடிக்க வேண்டாம்.

இல்லைன்னா, வெறும் வேகத்தை நம்பி மட்டும் போகாத. அதுவும் டிராக்கை முழுசா விட்டுட்டுப் போகாத. வீட்ல ஒரு அரசு வேலைக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க. விளையாட்டு ஒதுக்கீட்டுல வாங்கின சான்றிதழ்தான் பேசும், ரெண்டு வருஷம் ரெண்டுலயும் ஒண்ணும் இல்லாம நின்னா அது ரொம்ப வலிக்கும். ஒரு சீசன் ரெண்டையும் வச்சுக்கோ. மாஸ்டர்கிட்ட நேராவே சொல்லிடு.

எனக்கு நிஜமா கோபம் வர்றது வேற இடத்துல. ஏழாவது, எட்டாவது படிக்கற பசங்களை “நீ அத்லெடிக்ஸ், பந்தைத் தொடாதே”ன்னு பிரிச்சு வைக்கறோமே, அது. ஹேய்ஸை அப்படி யாராவது பிரிச்சிருந்தா டல்லாஸுக்கு அவர் கிடைச்சிருக்கவே மாட்டார். இங்க பி.டி. மாஸ்டராகப் போறவங்க நிறையப் பேர் இருக்கீங்க, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

தம்பிக்குக் கடைசியா ஒரு வேலை. நாளைக்குக் காலையில கிரவுண்டுல ஆறரை மீட்டர் அளந்து ரெண்டு கோடு போடு. போய்த் தொட்டு, திரும்பாம, முகம் அந்தப் பக்கமே இருக்க, பின்னாடி ஓடி வா. பத்து தடவை. யாரையாவது ஸ்டாப்வாட்ச் பிடிக்கச் சொல்லு. அந்த நேரத்தை எடுத்துக்கிட்டுப் போய் மாஸ்டர்கிட்ட பேசு, 11.1ஐ அப்புறமா சொல்லு.

சரி, அடுத்த சீட்டு யாரோடது?