ஒரு பிடி அரிசியின் கடன்



இந்தப் பட்டமளிப்பு விழாவில் பட்டம் வாங்காத ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன். முதல்வர் மன்னிக்க வேண்டும். அவரிடம் வருவதற்கு முன்னால் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் தேரிக்காட்டு ஊர்க்காரன். அப்பா திருச்சபை உபதேசியார். செம்மண்ணும் பனையும் கோவில் மணியும்தான் என் பிள்ளைப் பருவம். உலை வைக்கும்போதெல்லாம் அம்மா அரிசியை அளந்து சுளகில் போடுவார். பிறகு அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் கலயத்தில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயம் கோவிலுக்குப் போகும். அரிசியை ஏலம் விட்டு, வரும் பணத்தை ஊழியத்துக்கு எடுத்துவைப்பார்கள். அதற்குப் பிடி அரிசி என்று பெயர். இங்கே இருக்கும் பல பாட்டிமார்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

மாதக் கடைசியில் வீட்டில் அரிசி குறைந்துவிடும். அப்போதும் அம்மா அந்தப் பிடியை விடமாட்டார். ஒரு நாள் பசியில் நான் கத்தினேன், "நமக்கே இல்ல, இதுல எதுக்கும்மா?" என்று. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது நம்ம அரிசி இல்லல. நம்ம பானை வழியா போவுது, அவ்வளவுதான்" என்றார். அந்த வயதில் எனக்கு அது புரியவில்லை. கோபம்தான் வந்தது.

பிற்பாடு நானும் ஊழியத்துக்குப் போனேன். கடவுளின் அழைப்பை எப்போது பெற்றீர்கள் என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். பதின்மூன்று வயதில் ஒரு நற்செய்திக் கூட்டத்தில், ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார் பிரசங்கியார். நான் எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவன் எழுந்தான், அதனால் நானும் எழுந்தேன். அவன் பிற்பாடு வங்கி மேலாளர் ஆகி நல்ல வீடு கட்டினான். ஆகவே அந்த நாளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் அழைப்பு ஒரு கணக்குப் புத்தகத்தில் வந்தது. கல்லூரி இறுதியாண்டு விடுமுறையில் அப்பாவுக்கு உதவியாகத் திருச்சபைச் சேகரத்துப் பழைய கணக்குகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். வரவுப் பக்கத்தில் "பிடி அரிசி ஏலம்" என்று ஒரு வரி. எதிரே செலவுப் பக்கத்தில் "உபதேசியார் மகன் கல்லூரிக் கட்டணம்" என்று இன்னொரு வரி. அந்த மகன் நான். என் படிப்பு என் மதிப்பெண்ணால் கிடைத்தது என்று அதுவரை நம்பியிருந்தேன். பதநீர் காய்ச்சி வயிறு கழுவிய விதவைகளின் உலையிலிருந்து எடுத்த அரிசியில்தான் நான் பொருளாதாரம் படித்திருக்கிறேன். வானத்திலிருந்து எந்தக் குரலும் கேட்கவில்லை. காது மடல் சூடாகும் அளவுக்கு வெட்கம் வந்தது. அந்த வெட்கத்தைத்தான் இன்றுவரை அழைப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பட்டம் வாங்காதவரிடம் வருகிறேன்.

எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. தந்தை கிராமத்துக் குருவானவர். திருமணமாகிப் பல ஆண்டுகள் காத்திருந்து, ஜெபித்துப் பெற்ற பிள்ளை என்பதால் சாமுவேல் என்று பெயரிட்டார்கள். 1889-இல் தந்தை இறந்துவிட, தாய் எல்லன்தான் வளர்த்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் படிக்கப் போனார். கணிதத் தேர்வு நேரத்தில் உடல்நலம் கெட்டு, பி.ஏ. பட்டம் பெறாமலே வெளியே வந்தார். இந்த அரங்கில் அரியர் வைத்திருந்தவர்கள் யாராவது இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள்.

ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளராகத் தென்னாடு முழுதும் சுற்றிக்கொண்டிருந்தவர் 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தைத் திரட்டி, தங்களில் ஒருவரைக் கடல் தாண்டித் தொண்டிப் பக்கம் ஊழியத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தொண்டி நம்முடைய கரை. நமக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது யாழ்ப்பாணம். திருநெல்வேலித் திருச்சபையோ, பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற அம்மையார் 1785-இல் கோவில் கட்டிய நாளிலிருந்து பார்த்தாலும், நூறு வயதைத் தாண்டியிருந்தது. அத்தனை காலமும் பெரும்பாலும் வெளிநாட்டார் அனுப்பிய பணத்தில், வெளிநாட்டார் அனுப்பிய ஆட்களிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தோம். வேறு யாருக்காகவும் ஆள் அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் பெரிதாக வரவில்லை. அந்தப் பயணத்தில் அசரியாவுக்கு வந்ததும் வெட்கம்தான்.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆள் நம்முடையது, பணம் நம்முடையது, நிர்வாகம் நம்முடையது என்பதே அதன் கொள்கை. நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல் பகுதியைப் பணிக்களமாகத் தேர்ந்தார்கள். 1909-இல் அசரியாவே அங்கே போனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு அரிச்சுவடியைக் கையில் எடுத்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. தவறிப்போன பி.ஏ. அப்படி வட்டியோடு திரும்பி வந்தது.

ஆனால் அவர் வாழ்க்கையில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் நாள் 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வருகிறது. மேலைநாட்டுச் சபைத் தலைவர்கள் நிறைந்த அரங்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆசியர்களே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அசரியா. எழுந்து முதலில் நன்றி சொன்னார். ஏழைகளுக்காக உங்கள் சொத்தையும் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், மறுக்கவில்லை என்றார். அதன் பிறகு, இவ்வளவும் கொடுத்த நீங்கள் எங்களுக்கு நட்பைக் கொடுக்கவில்லையே என்ற பொருளில் பேசினார். அரங்கில் சிலர் முகம் சுளித்தார்கள். அன்று கசந்த அந்தப் பேச்சைத்தான் இன்று திருச்சபை வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் தேடி எடுக்கிறார்கள்.

கொடுக்கிறவனுக்கு நட்பு ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? தானும் வாங்கித் தின்றவன் என்பது அவனுக்கு மறந்துபோகிறது. நான் மட்டுமே கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு படியேறுகிறவன் எஜமானாகத்தான் உள்ளே நுழைவான். நானும் வாங்கியவன்தான் என்று தெரிந்தவனுக்குப் பாயில் உட்கார இடம் கிடைக்கும்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். இருபத்து மூன்று வயதில் ஒரு தெலுங்குக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பெட்டி நிறையப் புத்தகம், தலை நிறையத் திட்டம். ஒரு மாதம் போயும் என் வகுப்பில் நாலு பிள்ளைகள்தான். ஒரு மத்தியானம் தெருவில் ஒரு பாட்டி ஏதோ கேட்டார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்பதை மட்டும் ஊகித்து, அவசரத்தில் தமிழிலேயே "இல்லை" என்றேன். தெலுங்கில் "இல்லு" என்றால் வீடு. இந்தப் பையன் வீடு தேடுகிறான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கையைப் பிடித்துத் தன் குடிசைக்கு இழுத்துப் போனார். சோள ரொட்டியும் மிளகாய்ப் பச்சடியும் வைத்தார். கண்ணில் நீர் வடிய வடியத் தின்றேன். காரம் பாதி, அம்மா ஞாபகம் பாதி.

மறுநாள் அந்தப் பாட்டி தன் இரண்டு பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். "எங்க வீட்டுல சாப்பிட்ட வாத்தியார்" என்று தெருவெல்லாம் சொன்னாராம். கொடுக்கப் போன ஊரில் நான் முதலில் செய்த ஊழியம், பசியோடு கை நீட்டியதுதான்.

பிள்ளைகளே, உங்களில் கிறிஸ்தவர்கள் உண்டு, இந்துக்கள் உண்டு, இஸ்லாமியர் உண்டு. மிஷனெரி என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சங்கடம் வரும். அது நியாயமும்கூட. அந்தச் சொல்லோடு ஆதிக்கமும் அவமதிப்பும் ஒட்டிவந்த கதைகள் உண்டு. 1930-களில் காந்தியடிகள் மதமாற்றத்தைக் கடுமையாக விமர்சித்தார். அசரியா அதற்கு உடன்படவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தங்கள் வழியைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் மனம் உண்டு என்று நம்பினார். அந்த வாதம் இன்னும் முடியவில்லை, நானும் இங்கே முடித்துவைக்கப் போவதில்லை. தோர்ணக்கல்லில் அசரியா எழுப்பி 1939-இல் பிரதிஷ்டை செய்த பேராலயத்தை முடிந்தால் போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். மேலே மசூதியை நினைவூட்டும் குவிமாடங்கள், உள்ளே கோயிலை நினைவூட்டும் தூண்கள். அந்த மண்ணிடம் கைநீட்டி வாங்கத் தெரிந்த ஒருவர் கட்டியது அது.

நீங்கள் எல்லோரும் ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாளைக்கே சிலர் வேலைக்குப் போவீர்கள், சிலர் மேல்படிப்புக்குப் போவீர்கள், சிலருக்கு வேலை கிடைக்க இரண்டு வருடம் ஆகும். எங்கே போனாலும் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் கணக்குப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து வாசியுங்கள். செலவுப் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கும். எதிரே வரவுப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அடகுக்குப் போன தாலியா, அண்ணன் பாதியில் விட்ட படிப்பா, விடுதியில் கூடுதலாக ஒரு கரண்டி சோறு வைத்த சமையல்கார அக்காவா? கண்டுபிடிக்கும்போது உங்களுக்கும் காது மடல் சூடாகும். பயப்பட வேண்டாம். எந்தத் திசையில் போவது என்பது அதன் பிறகு தானாகவே தெரியவரும்.

அம்மா இப்போது இல்லை. கலயம் மட்டும் என் வீட்டில் இருக்கிறது. மேடையிலிருந்து உங்களைப் பார்க்கிறேன். பட்டத்தைச் சுருட்டிக் கையில் இறுகப் பிடித்திருக்கிறீர்கள். இங்கிருந்து பார்த்தால் அந்தச் சுருள் சரியாக ஒரு பிடிதான் இருக்கிறது.

அது உங்கள் பானை வழியாகப் போகட்டும். கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக.