பக்கத்து டேங்க் ஏன் பேசவில்லை?

 

"உன் தொழிலைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார் நம் செயலாளர். ஆலைகளில் கம்பியில்லாத் தகவல் தொடர்பு அமைப்பது என் தொழில். அதில் ஆன்டெனா தேர்ந்தெடுத்தபோது நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லப் போகிறேன். வெற்றிக் கதைகளை மற்ற நண்பர்கள் சொல்வார்கள்!

2022-ல், ஒரு சமையல் எண்ணெய் ஆலை. டேங்குகளில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதை ரேடியோ மூலம் கண்ட்ரோல் ரூமுக்குக் கொண்டு வர வேண்டும். உரிமம் தேவைப்படாத 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அங்கிருந்த தண்ணீர்த் தொட்டியின் உச்சியில், 30 மீட்டர் உயரத்தில், எல்லாப் பக்கமும் வீசும் 'ஆம்னி' ஆன்டெனா வைத்தேன். கேட்டலாக்கில் 2, 5, 9 டிபிஐ என்று மூன்று வகை. கெயின் அதிகம் இருந்தா நல்லதுதானே என்று, விலை கூடினாலும் 9-ஐ வாங்கினேன். 800 மீட்டர் தள்ளியிருந்த டேங்கிலிருந்தும் தகவல் தவறாமல் வந்தது. சந்தோஷமாக ஊர் திரும்பினேன்.

ஒரு மாதம் கழித்து ராத்திரி பதினோரு மணிக்குப் போன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து 35 மீட்டரில் இருந்த டேங்கின் அளவு மட்டும் விட்டு விட்டு வருகிறதாம். எண்ணெய் வழிந்துவிடப் போகிறதே என்று ஓர் ஆபரேட்டர் மழையில் இரும்பு ஏணியில் ஏறிப் பார்த்திருக்கிறார். இறங்கும்போது வழுக்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. யாரும் ஏணியில் ஏறக் கூடாது என்பதற்காகத்தானே அந்தக் கருவிகளையே வைத்தோம்!

மறுநாள் அவரைப் பார்த்தேன். கோபப்படவில்லை. "தூரத்துல இருக்கறது வருது சார், பக்கத்துல இருக்கறதுதான் வரல. அது எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. ஆன்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. கொடுத்ததைப் பங்கிடுகிறது, அவ்வளவுதான். சப்பாத்தி உருண்டை மாதிரி. அகலமாகத் தேய்த்தால் தடிமன் குறையும். 2 டிபிஐ ஆம்னியின் கதிர் மேலும் கீழுமாகச் சுமார் 78 டிகிரி விரியும். 9 டிபிஐயில் சுமார் 14 டிகிரிதான். அதாவது, கீழ்ப்பக்கம் 7 டிகிரி. தூரத்து டேங்க் 2 டிகிரிக்குள் இருந்தது. பக்கத்து டேங்கின் உச்சியோ ஆன்டெனாவுக்கு 22 மீட்டர் கீழே. கணக்குப் போட்டால் 32 டிகிரி. கதிர் அதன் தலைக்கு மேலே போய்விட்டது. அதற்குக் கிடைத்ததெல்லாம் சுற்றியுள்ள இரும்பில் பட்டுத் திரும்பிய மிச்சம் மீதிதான். டேங்கர் லாரி குறுக்கே நின்றால் அதுவும் போச்சு.

9-ஐக் கழற்றிவிட்டு 2-ஐ மாட்டினேன். தூரத்து டேங்குக்குப் போகும் சக்தி ஐந்தில் ஒரு பங்கானது. அதுவே போதுமானதாக இருந்தது. பக்கத்து டேங்க் அன்றே பேச ஆரம்பித்தது.

மாணவ நண்பர்களே, யாகி–உடா ஆன்டெனாவின் கதிர்வீச்சுப் படத்தை நானும் இதே கல்லூரியில் மார்க்குக்காக வரைந்தவன்தான். அந்த மாதிரிப் படத்தை ஆலையின் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கணும்னு எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் வைத்துப் பாருங்கள்.

மறுமுனை எங்கே இருக்கிறது? ஒரே திசை என்றால் யாகி. சுற்றிலும் என்றால் ஆம்னி. அருகிலேயே உயர வித்தியாசம் அதிகம் என்றால் குறைந்த கெயின். இரண்டு ஆன்டெனாவும் ஒரே வாக்கில் நிற்கின்றனவா? ஒன்று நின்று மற்றொன்று படுத்தால் நூறில் ஒரு பங்குகூடத் தேறாமல் போகலாம். கேபிள் எவ்வளவு நீளம்? இந்த அலைவரிசையில் ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் போட்டால் மூன்றில் இரண்டு பங்கு சக்தி அதிலேயே கரைந்துவிடும். ஆன்டெனாவை இரும்புப் பேனலுக்குள் வைத்துப் பூட்டிவிடவும் வேண்டாம்!

கேட்டலாக்கைத் திறப்பதற்கு முன் ஆலையை ஒரு சுற்று நடந்து வாருங்கள். ஏணியில் ஏறுகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். நான் அதைச் செய்திருந்தால் அவர் அந்த மழையில் ஏறியிருக்க வேண்டியதில்லை.