டெண்டரில் விட்ட ரயில்



ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், கறுப்புக் காடு எனப்படும் மலைப் பிரதேசத்தின் ஓரத்தில் லார் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநில சர்க்காரின் கையிலுள்ள ‘ஸ்வேக்’ என்ற ரயில், பஸ் ஸ்தாபனத்துக்கு அதுதான் தலைமையிடம். எங்கோ ஓடுகிற ரயிலைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று கேட்காதீர்கள். கூலி வாங்குகிறவனுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

கிராமங்களுக்கு ஓடிய சிறு ரயில் பாதைகள் சிலவற்றை அங்கே ஒரு தனியார் கம்பெனி நடத்தி வந்தது. பஸ்ஸும் லாரியும் பெருகின. ரயிலில் வரும்படி சுருங்கியது. 1963-ல் கம்பெனி அந்தப் பாதைகளை விட்டு விலகியது, ஸ்வேக் ஏற்றுக்கொண்டது. லாபம் உள்ளவரை தனியாருக்கு, நஷ்டம் வந்தால் பொது மக்களுக்கு! 2018-ல் ஹோகன்ஸொல்லர்ன் ரயில்வேயும் ஸ்வேக்கோடு இணைந்தது.

இதற்கிடையே 1996 முதல், உள்ளூர் ரயில்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பு மாநிலங்களுக்கு வந்தது. பிறகு டெண்டர் முறை பரவியது. செலவைக் குறைத்துக் கேட்டவனுக்கே ஓட்டும் உரிமை. 2019-ல் ஸ்டுட்கார்ட் பக்கத்து ரயில்கள் சில ‘அபெல்லியோ’ என்ற கம்பெனியிடம் போயின. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனியின் சொந்தக்காரர் ஹாலந்து சர்க்காரின் ரயில்வே! தன் நாட்டில் பொதுச் சொத்து, அடுத்த நாட்டில் டெண்டர் வியாபாரி.

சம்பளச் செலவு ஏறியது. பாதை வேலைகளால் ரயில்கள் தாமதமாயின. அதற்கு அபராதம் விழுந்தது. டெண்டரில் ஒப்புக்கொண்ட தொகை கட்டுப்படியாகவில்லை. 2021 ஜூனில் கம்பெனி கோர்ட்டுக்குப் போய்த் தன்னால் கடனைக் கட்ட முடியாது என்றது. டிரைவர்களும் கார்டுகளும் என்ன ஆவது? 2022 ஜனவரி 1-ல் ஸ்வேக் அந்த ரயில்களைத் தொழிலாளர்களோடு சேர்த்து ஏற்றது. அதற்கென்று தனியாக ஒரு கிளைக் கம்பெனியும் ஏற்பட்டது.

சர்க்கார் கைக்கு வந்துவிட்டதே, இனிக் கவலையில்லை என்று நினைத்தால் தவறு. 2022 கடைசியில் ஜி.டி.எல். என்ற ரயில் டிரைவர்கள் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. போராட்டம் 2023 ஜனவரியிலும் நீடித்தது. கிளைக் கம்பெனிக்கு மட்டும் ஒப்பந்தம் பேசலாம் என்றது நிர்வாகம். ஒரே ஸ்தாபனத்தின் ரயிலை ஓட்டுகிறவர்களுக்குள் இரண்டு தரமா? ஸ்வேக் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம் வேண்டும் என்றது சங்கம். நிர்வாகம் போட்ட அந்தக் கோட்டை அழிக்கத்தான் டிரைவர்கள் ரயிலை நிறுத்தினார்கள்.