சாந்திவனத்தில் நான்கு நாள்

ஊத்துக்கோட்டையிலிருந்து திருப்பதி செல்லும் வழியில், ஆந்திர மாநிலத்தின் தென்கோடியில், நாகலாபுரம் என்றோர் ஊர் உண்டு. கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாதேவியின் பெயரால் அமைத்தது என்பர். அங்குக் கோயில்கொண்ட வேதநாராயணர், களவுபோன வேதங்களை மீன் வடிவெடுத்துக் கடலினின்றும் மீட்டவர். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக நாம் வளர்ந்தது அவ்வூரில்தான். மொழிபெயர்ப்பு நம் பிழைப்பானதற்கு அத்தெருவே முதற்காரணம் போலும்!

தந்தையார் மறைந்த செய்தி கேட்டுத் தில்லியிலிருந்து ஊர் சேர்ந்தோம். கருமாதிப் பத்திரிகைக்கு வாசகம் எழுத அமர்ந்தால், "மேற்குறித்த", "இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது" என்று கோப்பு நடையே வந்தது. இருபது ஆண்டுகளாகப் பிறர் சொற்களைப் பெயர்த்த நமக்கு, நம் துயரைச் சொல்ல ஒரு வாக்கியம் அகப்படவில்லை. இறுதியில் தம்பி எழுதினான். நாம் உறைகளில் முகவரி எழுதினோம்.

உடனே தில்லிக்குத் திரும்ப மனம் வரவில்லை. திருச்சியிலுள்ள கத்தோலிக்க நண்பர் ஒருவர், தமக்குத் தெரிந்த ஆசிரமத்தில் சில நாள் பேசாதிருந்து வருமாறு கூறினார். பெருமாள் கோயில் துளசியுண்டு வளர்ந்த நமக்குச் சற்றுக் கூச்சமே; ஆயினும் புறப்பட்டோம்.

கரூர்ச் சாலையில், குளித்தலைக்கு அருகே, காவிரியின் தென்கரையில் உள்ளது தண்ணீர்ப்பள்ளி. அங்கு மரங்களின் நிழலில் எளிய குடில்கள். நடுவே கோபுரமும் விமானமும் கொண்ட சிற்றாலயம். விமானத்தில் தாமரைமேல் வீற்றிருப்போரை அண்ணாந்து நோக்கினால், மரியன்னையும் புனிதர்களும்! காலை வழிபாட்டில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு தருகின்றனர். உணவு தரையில் அமர்ந்து, வாய்பேசாது உண்பது. சாம்பாரை இன்னும் கொஞ்சம் ஊற்றுமாறு சைகையால் கேட்பதும் ஒரு மொழிபெயர்ப்பே என்பதை அங்கே கற்றோம்.

சச்சிதானந்த ஆசிரமம் என்னும் இதனை 1950-இல் நிறுவியோர் பிரெஞ்சுத் துறவியர் இருவர்: குளித்தலையில் பங்குக் குருவாய் இருந்த மொன்சானின் அடிகள், திருவண்ணாமலைக் குகைகளில் தவமிருந்த அபிஷிக்தானந்தர். தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொருமையைச் சத்து, சித்து, ஆனந்தம் என்ற சொற்களால் வழங்கத் துணிந்தவர்கள் அவர்கள். வங்காளத்துப் பிரம்மபாந்தவ் உபாத்தியாயர் 1898-லேயே அவ்வாறு வடமொழித் துதி ஒன்று இயற்றியிருந்தார். எனினும் வழிபாட்டைத் தத்தம் மொழியில் நிகழ்த்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடி வழிசெய்வதற்கு முன்பே, காவி உடுத்திக் காவிரிக்கரையில் அமர்வது எளிய செயலன்று. கத்தோலிக்கரில் ஒரு சாரார் இதனை ஐயுற்றனர். பிற்காலத்தில் இந்துக்களிலும் ஒரு சாரார், இது மதமாற்றச் சூழ்ச்சியோ என்று வினவினர். அவ்வினாவை நாம் இழிவாகக் கருதவில்லை. எந்தப் பெயர்ப்பையும் இருகரையாரும் ஐயத்தோடு நோக்குவது இயல்பே.

நம்மை மிகவும் ஈர்த்தது மொன்சானின் அடிகளின் தோல்விதான். 1957-இல் அவர் பாரிசில் நோயுற்று இறந்தபோது, அவர் எதிர்பார்த்த இந்தியச் சீடர் ஒருவர்கூட ஆசிரமத்தில் நிலைத்திருக்கவில்லை. அபிஷிக்தானந்தரும் 1968-இல் இமயத்துக்குச் சென்றுவிட்டார். அவ்வாண்டே கேரளத்துக் குரிசுமலையிலிருந்து வந்த ஆங்கிலத் துறவி பீட் கிரிபித்ஸ், 1993-இல் மறையுமளவும் இங்கிருந்து இதனை உலகறியச் செய்தார். முதலில் விதைத்தவருக்கு அதனைக் காணும் பேறில்லை. அவர் எழுதியதையெல்லாம் யாரும் படியாத கோப்பென்றே எண்ணியிருப்பாரோ?

முதல் இரண்டு நாள் மௌனம் நமக்குப் பெருந்தொல்லையாயிற்று. மனம் ஓயாது எதையாவது மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் விடியலில் ஆற்றங்கரைக்குச் சென்றோம். யாரோ நீரை வாரி வாய்கொப்புளித்தார். அவ்வோசை கேட்டதும் நாகலாபுரத்துக் கிணற்றடி கண்முன் வந்தது. இருபது ஆண்டுகள் எண்ணாத சிறு சொற்கள், தோண்டி, தாம்புக்கயிறு, துவைகல் என ஒவ்வொன்றாய் வந்தன. அழுதோம், யாரும் ஏனென்று கேட்கவில்லை. கேளாமையும் அவ்விடத்தின் வழக்கமே.

நான்காம் நாள் மாலை தம்பிக்கு மடல் எழுதினோம். "அப்பா கிணற்றடியில் வாய்கொப்புளிக்கும் சத்தம் இனிக் கேட்காது, தம்பி" என்று தொடங்கிற்று. அதற்குமேல் இரண்டு வரிகளே எழுத முடிந்தன. மறுநாள் குளித்தலை அஞ்சலகத்தில் அதனைச் சேர்த்துவிட்டு ரயிலேறினோம்.